சுவீற் பீயும் ஓர்க்கிட்டும் நமது வளவும்

சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில், கரம்பொனில் மீளக் குடியமர்ந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கச் சென்றிருந்தோம். வீட்டம்மா தேநீர் தந்துவிட்டு, உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு சிறிய கடதாசிப் பையை எடுத்து வந்தார். பையின் மேல் ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்களின் படம். உள்ளே இருபது இருபத்தைந்து விதைகள், மிளகளவு, கறுப்பு நிறம்.

“சுவாமி, மகள் லண்டனிலயிருந்து அனுப்பினவள். இது எங்கட மண்ணில வருமோ?”

பையோடு வந்த கடிதத்தையும் வாசிக்கத் தந்தார். மகள் எழுதியிருந்தாள்: “அம்மா, இந்தப் பூவைக் கண்டவுடன எங்கட வேலியில நிண்ட காக்கணங்கொடிதான் ஞாபகம் வந்தது. அதுதான் வாங்கினனான்.” அந்த வேலி இப்போது இல்லை. 1990 ஆவணியில் தீவுப்பகுதியில் படை நடவடிக்கை தொடங்கியபோது ஊரைவிட்டுப் போன குடும்பம் அது. 1995 ஐப்பசி 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது மறுபடியும் மூட்டை கட்டினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது கிணறு இருந்தது, இரண்டு பூவரசு இருந்தன, மற்றவை பற்றைக்காடு.

அன்று நாம் அந்த அம்மாவுக்குச் சரியான மறுமொழி சொல்லவில்லை. “மாரி முடியப் போட்டுப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு வந்தோம். பின்னர் வேறு வீடுகளிலும் இதே மாதிரியான கேள்விகள் வந்தன. ஒருவர் கொழும்பிலிருந்து ஓர்க்கிட் கன்று வாங்கி வந்திருந்தார். இன்னொருவருக்கு கனடாவிலிருந்து ஏதோ கிழங்கு வந்திருந்தது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பாடம் எழுதுகிற நாம் பூவுக்கு எழுதியதில்லை. பூ வசதியுள்ளவர்களின் காரியம் என்ற எண்ணம் நம்மிடமும் இருந்தது. திரும்பி வந்த வீடுகளில் முதலில் நடப்படுவது என்ன என்று கவனித்தால் அந்த எண்ணம் மாறும். கத்தரிக்கும் முருங்கைக்கும் பக்கத்திலேயே ஒரு செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ நிற்கும். ஆகவே இம்முறை பாடம் பூக்களைப் பற்றியது.

சுவீற் பீ எங்கிருந்து வந்தது?

சுவீற் பீ பயறு, அவரை, சங்குப்பூ ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. அதன் சொந்த ஊர் இத்தாலியின் தெற்கிலுள்ள சிசிலித் தீவும் அதை அண்டிய பகுதிகளும். சிசிலியில் பிரான்செஸ்கோ குப்பானி என்ற துறவி தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்து வந்தார். 1699இல் அவர் இதன் விதைகளை இங்கிலாந்தில் இருந்த ரொபேட் யூவ்டேல் என்ற ஆசிரியருக்கு அனுப்பினார். அங்கிருந்துதான் உலகத் தோட்டங்களுக்குப் பரவியது. கடிதத்தோடு விதை போவது புதிய பழக்கமல்ல.

இதில் நமக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. 1737இல் ஒல்லாந்தரான யொஹானஸ் பேர்மன் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் வெள்ளையும் சிவப்பும் கலந்த சுவீற் பீ ஒன்றை இலங்கைத் தாவரமாகச் சேர்த்திருந்தார். 1753இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டுப் பேரறிஞரும் அதை நம்பி, ஒரு வகைக்குச் சிசிலியின் பெயரையும் மற்றதற்கு இலங்கையின் பெயரையும் வைத்துவிட்டார். இலங்கைக் காட்டில் அந்தக் கொடி தானாக வளர்ந்ததாகச் சான்று எதுவும் இல்லை. எங்கேயோ ஒரு காய்ந்த செடித்தாள் இடம் மாறிப் போயிருக்க வேண்டும். பெரிய அறிஞர்களின் ஏட்டில் ஏறிவிட்டதால் அந்தத் தவறு நெடுங்காலம் நின்றது.

அந்த நூலை நம்பி நடுபவர் ஏமாந்து போவார். சுவீற் பீ குளிர்கால வெயிலில் வளர்ந்து வசந்தத்தில் பூப்பது. இரவுக்குளிர் அதற்கு வேண்டும். நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். அங்கு அது நன்றாக வரும், ஊட்டியிலும் வரும். வட இந்தியச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பனிக்காலம் முடியுமுன் பூப் பறித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மிகக் குளிரான மார்கழி, தை மாதங்களிலும் இரவு வெப்பநிலை 22 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. மாசி முடிய வெயில் ஏறிவிடும்.

அந்த அம்மா நமது பேச்சைக் கேட்டு மார்கழி நடுவில் விதைத்தார். விதையின் தடித்த தோலை நகவெட்டியால் சிறிது கீறி, ஒரு இரவு ஊறவைத்துத்தான் போட்டார். முறை சரி. ஏழு விதைகள் முளைத்தன. கொடி முழங்கால் உயரம் வந்தது. மாசிக் கடைசியில் அரும்பு கட்டியது, அரும்புகள் மஞ்சளாகி உதிர்ந்தன, பங்குனியில் கொடி அடியிலிருந்து காய்ந்தது. கைராசி இல்லை என்று அவர் தம்மையே நொந்துகொண்டார். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் செடியின் காலநிலை இங்கு இல்லை. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

இந்த விதையைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘பீ’ என்றால் பட்டாணி என்று நினைத்துச் சிலர் காயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடும். சுவீற் பீயின் காயும் விதையும் உணவல்ல, நஞ்சு. எலிகளுக்கு இவ்விதையைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் எலும்புகள் வளைந்து போயின. இதன் நெருங்கிய உறவான கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் உண்டவர்களுக்குக் கால் வழங்காமற்போவது இந்தியாவில் நன்கு தெரிந்த துயரம். பஞ்சகாலத்தில் வேறு தானியம் இல்லாதபோதுதான் ஏழைகள் அதை அதிகம் உண்டார்கள். பெயரில் பட்டாணி இருப்பதெல்லாம் பட்டாணியல்ல.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டு விதையும் கன்றும் உரிய அனுமதியோடும் சுகாதாரச் சான்றிதழோடுமே நாட்டுக்குள் வரலாம். அன்போடு கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிற மகளுக்கு இது தெரியாது. எழுதும்போது சொல்லிவிடுங்கள். விதையோடு நோயும் பூச்சியும் வந்தால் நட்டவரின் வளவோடு அது நிற்காது.

வேலியில் நின்ற காக்கணம்

மகளின் கண் பிழைக்கவில்லை. சுவீற் பீயும் காக்கணமும் ஒரே குடும்பம். காக்கணம் என்று நம் மூத்தோர் சொல்வதைப் புத்தகங்கள் சங்குப்பூ என்னும். சங்ககாலப் பெயர் கருவிளை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் கருவிளையும் ஒன்று. 1913இல் பிறந்த கரம்பொன் மைந்தர் தனிநாயகம் அடிகள், சங்கப் பாடல்களில் நிலமும் பூவும் மனித வாழ்வோடு எப்படிப் பிணைந்திருந்தன என்பதை ஆங்கிலத்தில் நூலாக எழுதி உலகுக்குக் காட்டினார். அவருடைய ஊரிலேயே கருவிளையை ‘களை’ என்று பிடுங்கி எறிவதை நாம் கண்டிருக்கிறோம்!

பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுவீற் பீயில் பெரிய இதழ் மேலே கொடிபோல் நிற்கும், படகு போன்ற சிறிய இதழ்கள் கீழே இருக்கும். காக்கணத்தில் இது தலைகீழ். பெரிய இதழ் கீழே விரிந்து பாய்போல் கிடக்கும், படகு மேலே இருக்கும். தேனி வந்து பாயில் இறங்கும்போது மகரந்தம் அதன் முதுகில் ஒட்டும். பூ அரும்பாக இருக்கும்போதே காம்பு திருகித் திரும்பிவிடுகிறது. ஓர்க்கிட் பூக்களில் பெரும்பாலானவையும் இப்படித் திரும்பியே மலர்கின்றன. பாடசாலைப் பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள்.

நமது நிலத்துக்கு இக்கொடி ஏன் பொருத்தம்? வேர் ஆழமாக இறங்கும், ஆகவே வரட்சியைத் தாங்கும். சுண்ணாம்புக்கல் நிலம் அதற்குப் பகையல்ல. வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருவதால் பசளைச் செலவு இல்லை. வளவு மெலிந்து கிடக்கும் வீட்டில் வேலியோரம் இதை விட்டால் உதிரும் இலையும் வேரும் மண்ணைச் சிறிது சிறிதாகத் தேற்றும். கடும் உவர்த்தண்ணீரை மட்டும் நம்பி இதையும் வளர்க்க முடியாது. மாரி ஈரத்தில் வேர் ஊன்றவிட்டால் பிறகு அதிகம் கேளாது.

முற்றிக் காய்ந்த நெற்றுகளிலிருந்து விதை எடுங்கள். விதைத்தோல் கடினம். கருங்கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஊதிப் பருத்தவற்றை மட்டும் நடுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்தபின், வேலியோரம் ஓரடி இடைவெளியில், விரற்கணு ஆழத்தில் இரண்டிரண்டு விதையாகப் போட்டால் போதும். இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். இரண்டு மாதமளவில் முதற்பூ காணலாம். முதல் மாதத்தில் ஆடுதான் எதிரி. நாயுண்ணிப் பற்றையையோ இலந்தை முள்ளையோ வெட்டிச் சுற்றிவர வையுங்கள். கொடி வேலிமேல் ஏறியபிறகு ஆடு நுனியைக் கடித்தால் கவலை வேண்டாம், அது மேலும் கிளைவிடும். அதிகம் படர்ந்ததை அறுத்து ஆட்டுக்கே கட்டலாம், நல்ல தீன். விதையை மட்டும் பிள்ளைகள் வாயில் வைக்கவிடாதீர்கள், வயிற்றைக் கழியவைக்கும்.

மலேசியாவின் கிளந்தானில் இப்பூவின் நீலச்சாற்றைச் சோற்றில் கலந்து நீலச் சோறு ஆக்குகிறார்கள். மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வூதியத்துடன் திரும்பிய தீவுப்பகுதியார் அந்த நாட்டுப் பழக்கங்கள் பலவற்றைச் சொல்வார்கள். இதை யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. இப்போது காய்ந்த பூவைத் தேநீராக விற்கிறார்கள். சுடுநீரில் ஐந்தாறு பூவைப் போட்டால் நீலமாகும், இரண்டு துளி தேசிக்காய் விட்டால் ஊதாவாக மாறும். வீட்டில் செய்து பாருங்கள், பேரப்பிள்ளைகள் விடமாட்டார்கள்.

ஓர்க்கிட்: நாம் செய்த பிழை

ஓர்க்கிட் கதை வேறு. உலகில் ஏறத்தாழ 28 ஆயிரம் ஓர்க்கிட் இனங்கள் உண்டு. இலங்கையில் இயற்கையாக வளர்பவை மட்டும் 180க்கு மேல். ஐஸ்கிறீமில் போடும் வனிலாவும் ஒரு ஓர்க்கிட் கொடியின் காய்தான். வெப்பநாட்டு ஓர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மண்ணில் வேர்விடுவதில்லை. மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு மழையையும் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி வாழ்கின்றன. ஒட்டுண்ணி என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மரத்தின் சாற்றை அது எடுப்பதில்லை, இருக்க இடம் மட்டும் கேட்கிறது.

மண் வேண்டாத செடி என்பதாலேயே அது நமக்குக் கவர்ச்சியாக இருந்தது. வாடகை வளவிலும் உறவினர் காணியிலும் இருக்கிற குடும்பங்கள் நிலத்தில் நட மனம் கொள்வதில்லை. “நட்டுவிட்டுப் போன மரம் போதும் சுவாமி” என்று ஒருவர் சொன்னார். தொங்கும் சாடியைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா? இந்த எண்ணத்தில் நாம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்கள் குழுவுக்கு டென்ரோபியம் கன்றுகள் ஆறு வாங்கிக் கொடுத்தோம். நட்டார்கள், நிழல் கொடுத்தார்கள், நாள்தோறும் தவறாமல் தண்ணீர் விட்டார்கள். ஆவணிக்குள் நான்கு செத்துப்போயின. இலை நுனி கருகி, வேர் மண்ணிறமாகி, தண்டு சுருங்கிப் போயிற்று. தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் விட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் கொன்றது.

தீவுப்பகுதிக் கிணறுகளில் நன்னீர் என்பது சுண்ணாம்புப் பாறைக்குள் மழை இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. கோடையில் அள்ள அள்ளப் படை மெலிந்து உவர் மேலே வரும். மிளகாய்ச் செடி சிறிது உவரை மண்ணில் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். ஓர்க்கிட்டுக்கு மண் இல்லை. தண்ணீர் காய்ந்ததும் உப்பு வேரின்மேலேயே படியும். நாள்தோறும் தண்ணீர் விட்டால் நாள்தோறும் உப்பு சேரும். கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீரை ஓர்க்கிட்டுக்கு விடாதீர்கள். வேறு சோதனை தேவையில்லை.

ஆகவே மழைநீர் வேண்டும். எவ்வளவு? ஒரு கணக்குப் பார்ப்போம். தொங்கும் செடி ஒன்றுக்கு வெயிற்காலத்தில் நாளொன்றுக்கு அரை லீற்றர் தெளிக்கிறோம் என்று வைப்போம். தை நடுவிலிருந்து புரட்டாதி முடிய ஏறத்தாழ 250 நாட்கள். ஒரு செடிக்கு 125 லீற்றர், மூன்று செடிக்கு 375 லீற்றர். அதாவது 200 லீற்றர்ப் பீப்பா இரண்டு. பத்துச் செடி என்றால் 1,250 லீற்றர், அதற்குத் தாங்கி வேண்டும். பிடிப்பது கடினமல்ல. 100 சதுர அடித் தகரக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 230 லீற்றர் வரும். ஐந்தில் ஒரு பங்கு சிந்தினாலும் ஒரு பீப்பா ஏறக்குறைய நிரம்பும். மாரியின் முதல் மழையைப் பிடிக்கவேண்டாம். சோளகக் காற்று கொண்டுவந்த கடலுப்பும் பறவை எச்சமும் அதில் கழுவி வரும். இரண்டாம், மூன்றாம் மழையிலிருந்து பீலியைப் பீப்பாவுக்குத் திருப்புங்கள். வாயை நுளம்பு புகாத வலையால் இறுகக் கட்டுங்கள். கட்டாவிட்டால் நீங்கள் வளர்ப்பது டெங்கு.

இதைத் தாண்டி ஒன்று சொல்லவேண்டும். குடிதண்ணீருக்கு பவுசரைப் பார்த்து நிற்கிற வீட்டில், பிடித்த மழைநீர் முதலில் பிள்ளைகளுக்கு. அந்த வீட்டுக்கு ஓர்க்கிட் வேண்டாம், காக்கணம் போதும். இரண்டு பீப்பா மிஞ்சுகிற வீட்டுக்கு மூன்று ஓர்க்கிட். கன்றுகளின் எண்ணிக்கையைப் பணப்பையைப் பார்த்து முடிவு செய்யாமல் பீப்பாவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நடுகையும் பராமரிப்பும்

நமது வெப்பத்துக்கு டென்ரோபியம் கலப்பினங்களே ஏற்றவை. தாய்லாந்து இவற்றின் வெட்டுப்பூவை உலகெங்கும் விற்கிறது. கொழும்பு மண்டபங்களில் காணும் ஊதாப் பூக்கொத்தும் பெரும்பாலும் இந்த இனந்தான். பெரிய அகன்ற வெள்ளைப் பூவுடைய பலனொப்சிஸ் அழகானது. ஆனால் சோளகக் காற்றில் ஒரு வாரம் தாங்காது. கண்காட்சியில் பூவோடு கண்டு மயங்கி வாங்காதீர்கள்.

சாடிக்குள் மண் போடக்கூடாது. கரித்துண்டு, உடைந்த ஓட்டுத்துண்டு, பொச்சுமட்டைத் துண்டு ஆகியவற்றைக் கலந்து போடுங்கள். சுண்ணாம்புக்கல், முருகைக்கல் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் கையெட்டும் தூரத்தில் கிடப்பது அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். கடலோரத் தென்னையின் பொச்சில் உப்பு உண்டு. துண்டுகளைச் சாக்கில் கட்டி மாரி முழுதும் கூரைத் தாழ்வாரத்தின் கீழே போட்டுவிடுங்கள், மழை கழுவித் தரும். சாடியின் அடியில் மட்டுமின்றிப் பக்கங்களிலும் துளை வேண்டும். சாடி இல்லாதவர்கள் முழுப் பொச்சுமட்டை இரண்டை முதுகுக்கு முதுகு கம்பியால் கட்டி, அதில் கன்றைப் பிணைத்துத் தொங்கவிடலாம். கன்று ஆடக்கூடாது. ஆடினால் புது வேர் நுனி தேய்ந்துவிடும்.

இடம் மாமரத்தின் கீழோ, கிடுகை இடைவெளிவிட்டு வேய்ந்த பந்தலின் கீழோ இருக்கட்டும். பாதி வெயில், பாதி நிழல். முழு நிழலில் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பூக்காது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் அடிக்கும் பக்கத்தில் ஒரு பனையோலைத் தட்டி கட்டுங்கள். தண்ணீரிலும் காற்றிலும் இரண்டு பக்கமும் உப்பு வந்தால் எந்தச் செடியும் தாங்காது.

எப்போது தண்ணீர் விடுவது என்பதை வேரே சொல்லும். ஓர்க்கிட் வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற ஒரு உறை உண்டு. காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. வெள்ளியாக இருந்தால் காலையில் தெளியுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். மாலையில் நனைத்து இரவு முழுதும் குருத்தில் தண்ணீர் நிற்கவிட்டால் அழுகும். அழுகிய பகுதியை, நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்டி, வெட்டிய இடத்தில் கறுவாத்தூள் பூசி, இரண்டு நாள் நனைக்காமல் வையுங்கள். வேரில் தூள் படக்கூடாது. நத்தையை இரவில் விளக்கோடு போய்ப் பிடிக்கவேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. வெள்ளை மாப்போல் அப்பும் பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு மழைநீரால் கழுவினால் போகும்.

பசளை மிக மெல்லியதாக இருக்கவேண்டும். கடைப் பசளையானால் பையில் சொன்ன அளவில் காற்பங்கை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆட்டெரு ஊறலானால் துணியில் வடித்து, வெளிறிய தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து தெளித்து, அடுத்த நாள் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். சாம்பல் போடாதீர்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய தண்டின் மேற்கணுவில் சிறிய குட்டி ஒன்று வேரோடு முளைக்கும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் கழற்றித் தனியே கட்டலாம். அயல்வீட்டுக்குக் கொடுக்க இதுவே வழி. விதையிலிருந்து வீட்டில் வளர்க்க முடியாது. ஓர்க்கிட் விதை தூசியைப் போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் முளைக்கும். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் சீனி கலந்த கூழில் பூஞ்சணமின்றியே முளைக்கவைத்துக் காட்டினார். 1960இல் பிரான்சில் ஜோர்ஜ் மொறெல் குருத்து நுனியிலிருந்து ஒரே சாயலான கன்றுகளை உண்டாக்கும் வழியைக் கண்டார். செல்வர் வீட்டுச் செடி சாதாரண மக்களின் கைக்கு வந்தது இந்த இரண்டாலும்தான்.

காட்டு ஓர்க்கிட்டைப் பிடுங்கி வருவோரிடம் வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றைச் சட்டம் பாதுகாக்கிறது. அத்தோடு, காட்டிலிருந்து வந்தவை வளவில் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

முழு வெயிலிலும் நிற்கக்கூடிய ஒன்றைத் தேடுவோருக்கு ஒரு பெயர் சொல்கிறோம்: வண்டா மிஸ் ஜோவாக்கிம். 1893இல் சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் வீட்டுத் தோட்டத்தில் வெளிவந்த கலப்பினம். 1981இல் அதுவே அந்நாட்டின் தேசிய மலர் ஆயிற்று. பென்சில் போன்ற உருண்ட இலை. அதன் தண்டைக் கட்டையோடு கட்டி ஏற்றவேண்டும், தண்டின் நுனி கட்டையைத் தாண்டி வெயிலுக்கு வந்தபிறகே பூக்கும். வளர்ப்போரிடம் கண்டால் வேரோடு ஒன்றரை அடித் துண்டு கேட்டு வாங்குங்கள். இதற்கும் மழைநீர்தான்.

விற்றுப் பணம் உழைக்கலாமா என்று கேட்கிறார்கள். திருமணக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பூக்கடைகள் வாங்கும். ஆனால் அவர்கள் கேட்பது ஒரே நாளில் ஒரே நிறத்தில் நூறு கொத்து. மூன்று செடி வைத்திருப்பவர் அதைக் கொடுக்க முடியாது. நூறு செடி வைப்பவருக்குத் தாங்கியும் நிழல் வலையும் வேண்டும். அதற்காக நுண்கடன் எடுக்காதீர்கள். வாராவாரம் கட்டவேண்டிய பணம் வடக்கில் எத்தனை பெண்களின் நித்திரையைக் கெடுத்தது என்பதை நாம் அறிவோம். ஓர்க்கிட் ஆண்டுக்கு ஓரிரு முறை பூக்கும், கடன்காரர் வாரந்தோறும் வருவார்.

முன்னர் சொன்ன பெண்கள் குழுவில் தப்பிய இரண்டு செடிகளும் ஒரு பீப்பா மழைநீரில் தேறின. மூன்றாம் ஆண்டு ஒன்று பூத்தது. பூக்கொத்து ஐந்து கிழமை வாடாமல் நின்றதாகச் சொன்னார்கள். அதைப் பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியே சீனி முடிந்துபோனதாம்.

லண்டன் விதைப் பையின் அம்மாவுக்கு இந்த மாரியில் வேலியோரம் இருபதடிக்குக் காக்கணம் நிற்கிறது. விதை பக்கத்து ஊர்ப் பற்றையிலிருந்து நாம் பொறுக்கிக் கொடுத்தது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், விதை அனுப்பவில்லை. அரைப் போத்தல் விதை சேர்த்து வைத்திருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் கேட்பவர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். வேண்டுவோர் நம்மிடம் சொல்லுங்கள், வரும்போது ஒரு சிறிய போத்தல் கொண்டு வாருங்கள்.